சம்பந்தி வண்டிக்குப் போன ஆபத்துப் பை

மேக்காட்டுத் தோட்டத்துப் பொங்கியண்ணன் வீட்டிலிருந்து வெளியே போன சாமானில் குறை இருந்ததென்று பல்லடம் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் சொன்னதில்லை. மாடு விற்றால் அதற்கு உதைக்கிற புத்தி உண்டா என்பதையும் சொல்லித்தான் விற்பார்கள். தேங்காய் ஏற்றிவிட்டால் அழுகலைத் தாங்களே பொறுக்கி எடுத்த பிறகுதான் வண்டி கிளம்பும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, அதுவும் முகூர்த்தக்கால் நட்டுப் பந்தல் போட்ட பிறகு, ‘ஆபத்து’ என்று எழுதிய பை வெளியே போவதா?

“அந்த எழுத்து வேண்டாம் அம்மணி” என்றார் பொங்கியண்ணன்.

கோழிச் சாளையின் வாசலில் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையாத மனுசர். கைத்தடி நடப்பதற்கு அல்ல, காட்டிப் பேசுவதற்கு. சாளையில் இப்போது கோழி இல்லை. தீவன விலை ஏறி மூத்த மகன் தீபக் கோழியை விட்டபோது, மருமகள் லோகப்பிரியா அங்கே தையல் மிஷின்களைக் கொண்டுவந்து போட்டாள். கம்பி வலைக்குள் இன்று ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். மேகம் போட்டு இறுக்கமாக இருக்கிற நாளில் மட்டும் பழைய கோழி வாசம் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

லோகப்பிரியா கையில் இருந்தது சிவப்புத் துணியில் தைத்த மாதிரிப் பை. அவினாசிபாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆர்டர் பிடித்திருந்தாள். பள்ளி வண்டிகளுக்கு முதலில், வகுப்பறைகளுக்கு அடுத்த மாதம். தீப்பிடித்தாலோ வண்டி கவிழ்ந்தாலோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாலோ, உதவி வந்து சேர்கிறவரை பிள்ளைகள் தாக்குப்பிடிக்க வேண்டிய சாமான் அத்தனையும் ஒரே பைக்குள். அவள் வாங்கிய முதல் பெரிய ஆர்டர் அது.

“மாமா, வண்டிக்குள்ள புகை சூழ்ந்துக்கிச்சுன்னா சின்னப் புள்ளைக கண்ணுக்குப் பை வெடுக்குன்னு படோணுமுங்க. அதுக்குத்தான் செவப்பு. அதுக்குத்தான் பெரிய எழுத்து.”

“உள்ள என்னென்ன இருக்குது?”

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். விசில், டார்ச், கயிறு, தண்ணீர்ப் பாட்டில், கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், கடலை மிட்டாய், குளிருக்குப் போர்த்துகிற வெள்ளிக் காகிதப் போர்வை, பஞ்சு, கட்டுத்துணி, கத்திரி.

கத்திரியைக் கண்டதும் பொங்கியண்ணன் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“இது எதுக்கு?”

“பெல்ட்டு சிக்கிக்கிச்சுன்னா அறுக்கறதுக்குங்க. கட்டுத்துணி வெட்டறதுக்குமாச்சு.”

“பஞ்சு, கட்டுத்துணி, கத்திரி. கலியாண ஊட்டுல கண்ணுல படக்கூடாததை எல்லாம் ஒட்டுக்காச் சேத்து ஒரு பையில போட்டிருக்கறே. இதுக்கு மேல ஆபத்துன்னு எழுத்து வேற!”

கடைசி மிஷினில் இருந்த வள்ளியாத்தாள் தையலை நிறுத்தாமலே சொன்னாள். “ஏனுங்க பெரியய்யா, எழுதாட்டி ஆபத்து வராதுங்களா? எங்கூட்டுக்காரரு நெத்தியிலகூட ஒண்ணும் எழுதலீங்க. கலியாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஆபத்துத்தானுங்களே!”

சாளை முழுக்கச் சிரிப்பு. பொங்கியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மீசைக்குள் ஏதோ அசைந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“நீ சோலியைப் பாரு வள்ளி. அம்மணி, கிருபாசங்கர் கலியாணம் முடியற மட்டும் செவப்பும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். மஞ்சள்ல தெச்சுக் குடு. எழுதறதை அவிய பள்ளிக்கூடத்துல எழுதி ஒட்டிக்கட்டும். நம்ம ஊட்டுல இருந்து மங்களகரமாப் போகோணும்.”

லோகப்பிரியா மாமனாரை எதிர்த்துப் பேசுகிற பெண் அல்ல. ஆனால் ஒத்துக்கொள்வதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு என்ன சொல்கிறதென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விட்டாள்.

மஞ்சள் துணி ஏற்கெனவே நிறைய இருந்தது. இளைய மகன் கிருபாசங்கரின் கல்யாணத்துக்குப் பொதுவான தாம்பூலப் பைகள் மண்டபத்துக்கே வந்துவிடும். சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் தனியாக, கனமான துணியில், ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார் பொங்கியண்ணன். பெண் ஹர்ஷிணி சென்னிமலைக்காரி. போர்வை நெய்து விற்கிற குடும்பம்.

“சென்னிமலைக்காரங்க துணி கண்டவங்க. ஏனோதானோன்னு குடுத்தா ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்தே குறைப் பழமை பேசிப்போடுவாங்க. அந்தச் சின்னாத்தாள் இருக்கறாங்களே, பொண்ணோட அத்தை, நிச்சயத்தன்னிக்கு நம்ம பந்திப் பாயையே தேச்சுப் பாத்தாங்க” என்றார்.

ஆக, ஒரே துணி, ஒரே வெட்டு, ஒரே ஜிப். ஒன்றில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், ஒரு பொட்டலம் வெல்லக் கச்சாயம். இன்னொன்றில் விசிலும் சுத்தியலும் கத்திரியும். எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். லோகப்பிரியா கவனமான பெண். பள்ளிக்கூடத்துப் பைகளை மூட்டையாக்கிச் சாளையின் வடகோடியில் வைத்தாள். கல்யாணப் பைகளைத் தென்கோடியில் வைத்தாள். பள்ளி வண்டி ஓட்டுகிற ரூபனிடம் போனில் சொன்னாள். “வடக்கால இருக்கறது உங்குளுது. நான் இல்லாட்டியும் ஏத்திக்குங்க.” சொல்லிவிட்டு, கடைசி அழைப்புகளைக் கொடுத்துவர தீபக்கோடு கிளம்பிப் போனாள்.

அவள் போன பிற்பாடு பொங்கியண்ணன் சாளைக்குள் வந்து பார்த்தார். மங்கலச் சாமான் தெற்கே கிடக்கிறது. கத்திரியும் பஞ்சும் ஈசானி மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. சாமி இருக்கிற மூலையில் கத்திரியா! கல்யாண வேலைக்கு வந்திருந்த சின்னானைக் கூப்பிட்டார். சின்னான் அவர் வயதுக்காரர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்தவர்கள். இப்போது சின்னானுக்குச் சொந்தத்தில் ஆட்டுப்பட்டி இருக்கிறது. ரூபன் அவர் மகன்தான்.

“நல்ல நேரம் முடியறதுக்குள்ள இதை அங்கயும் அதை இங்கயும் மாத்திப்போடு சின்னா.”

சின்னான் மூட்டையைத் தொடுவதற்கு முன் தயங்கினார். “ஏனுங்க, அம்மணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடலாமுங்களா?”

“என்ற சாளைக்குள்ள என்ற சாமானை மாத்தி வெக்கறதுக்கு ஆரைக் கேக்கோணும்?”

“அதுஞ் செரிதானுங்க” என்று சின்னான் மூட்டையைத் தூக்கினார்.

சாயங்காலம் ரூபன் வந்தான். வடக்கால இருந்ததை ஏற்றிக்கொண்டு போனான்.

---

கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சீர்களை ஒன்றுவிடாமல் செய்துவைத்தார். பந்தியில் பருப்பும் நெய்யும் ஒப்புட்டும் ஓடின. வைகாசி வெயில் காலையில் மண்டபத்துத் தகரத்தைப் பொரித்தது. மத்தியானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. “மழைக்கு முந்தி ஊடு போய்ச் சேர்ந்துக்கறமுங்க” என்று சம்பந்தி வீட்டார் வண்டிகளை எடுக்கச் சொன்னார்கள். வாசலில் பொங்கியண்ணனின் மனைவி ராசாத்தாள் நின்று, ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் மஞ்சள் பையைக் கொடுத்து அனுப்பினாள்.

வண்டிகள் போய் இலை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் லோகப்பிரியாவின் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து வண்டிகளுக்குப் பொறுப்பான கிருபா டீச்சர். அன்றைக்குத்தான் காங்கயம் ரோட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் பள்ளி வண்டிகளுக்கு வருடாந்தர ஆய்வு.

“அக்கா, பையில தேங்காய் இருக்குதுங்க்கா.”

“என்னது?”

“தேங்காய். வெத்தலை, பாக்கு, கச்சாயம். ஆய்வாளர் ‘முதலுதவிச் சாமானைக் காட்டுங்க’ன்னாரு. நான் ஜிப்பைத் தெறந்தேன். இப்ப அவரு வெத்தலையைக் கையில வெச்சுக்கிட்டு என்னையவே பாத்துட்டு நிக்கறாருங்க்கா!”

லோகப்பிரியா மாமனாரிடம் போய் மெதுவாகச் சொன்னாள். பொங்கியண்ணனின் முதுகு வளையவில்லை. தோளுக்குப் போய்க்கொண்டிருந்த துண்டு மட்டும் நடுவழியில் நின்றது.

“அப்ப சம்பந்திமாருக்கு?”

“நம்ம பைதானுங்க போயிருக்குது.”

“கத்திரி?”

“ஒவ்வொரு பையிலயுமுங்க மாமா.”

ராசாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “நான் என்ற கையால குடுத்தனே! அந்தச் சின்னாத்தாள் வாங்கிப் பாத்துட்டு, ‘நொம்பக் கனமா இருக்குதுங்களே’ன்னாங்க. நான் பெருமையா, ‘எங்கூட்டுச் சீரு கனமாத்தானுங்க இருக்கும்’னு வேற சொல்லிப்போட்டனே!”

தாலி கட்டி ஒரு பொழுது முடியவில்லை. பெண் கொடுத்தவர்கள் கையில் பஞ்சும் கட்டுத்துணியும் கத்திரியும். கத்திரி கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பது அந்தச் சீமையில் குழந்தைக்கும் தெரியும். மணவறையில் புதுப்பெண் ஹர்ஷிணி யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பொங்கியண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

“வடக்கால வெச்சுட்டுத்தானுங்க போனேன்” என்றாள் லோகப்பிரியா. “எப்படி மாறுச்சுன்னே தெரியலீங்க மாமா.”

பொங்கியண்ணனுக்குத் தெரிந்தது. தூரத்தில் பந்திப் பாய் சுருட்டிக்கொண்டிருந்த சின்னானுக்கும் தெரிந்தது. சின்னான் பாயை இன்னும் சிரத்தையாகச் சுருட்டினார்.

“நாந்தான் மாத்தி வெச்சேன்” என்றார் பொங்கியண்ணன். அதைச் சொல்லும்போது, வேறு யாரையோ கண்டிக்கிற தோரணைதான் குரலில் இருந்தது. “காரை எடு.”

“போன் பண்ணிச் சொல்லிப்போடலாமுங்களா?”

“போன்ல சொல்ற பழமையா இது? எடு.”

---

மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆய்வாளர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மேசையில் ஒரு தேங்காயும் சுத்தமாக மடித்த வெற்றிலையும் இருந்தன. கச்சாயப் பொட்டலம் பிரிந்திருந்தது.

“நீங்கதானுங்களா அந்த ஊட்டுக்காரரு?” என்று எழுந்தார். “கச்சாயம் நல்லா இருக்குதுங்க. ஆனா வண்டி கவுந்தா இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க?”

கிருபா டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா கோபமா என்று தெரியவில்லை. ரூபன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நேத்தே ஒரு பையைத் தெறந்து பாத்தனுங்க. தேங்காய் இருந்துச்சு. ஆய்வுக்கு முந்தி வண்டிக்கு உடைக்கோணும்னு ஐயாவே குடுத்து உட்டிருக்கறாருன்னு நெனச்சுப்போட்டேன். சுத்திப் போட்டு முன்சக்கரத்துக்கு உடைச்சுட்டனுங்க.”

“எத்தனை?”

“என்ற வண்டிக்கு மட்டுந்தானுங்க. மத்தவங்களும் கேட்டாங்க. நான் குடுக்கலீங்க.”

ஆய்வாளர் நல்ல மனுசர். ஆனால் சட்டம் சட்டம்தான். “பொழுது சாயறதுக்குள்ள பை வந்துச்சுன்னா பாத்துக் கையெழுத்துப் போடறேனுங்க. இல்லாட்டி எல்லா வண்டியும் இன்னொரு நாளைக்கு வரோணும்.”

கிருபா டீச்சர் லோகப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, எங்க தாளாளர் வேற எடத்துல வாங்கலாம்னு சொன்னாருங்க. நாந்தான், ‘மேக்காட்டுத் தோட்டத்தாரு சொன்னாச் சொன்னதுங்க’ன்னு உங்குளுக்கு ஆர்டரை வாங்கிக் குடுத்தேன்.”

தனியாகத்தான் சொன்னாள். பொங்கியண்ணன் காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

அத்தனை தேங்காய்ப் பைகளையும் காரில் ஏற்ற முடியாது. ரூபனின் வண்டியில் ஏற்றினார்கள். பொங்கியண்ணனும் லோகப்பிரியாவும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டு வண்டிகளைத் துரத்திக்கொண்டு சென்னிமலைப் பாதையில் பள்ளிக்கூட வண்டி ஓடியது. காங்கயம் வருவதற்குள் மழை பிடித்தது. காற்றோடு சேர்ந்த கோடை மழை. வேலியோரத்து முள்ளெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் முழங்கால் முன்சீட்டை இடிக்க, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பொங்கியண்ணன்.

“எச்சாத் தெச்சது எத்தனை இருக்குது அம்மணி?”

“நாலஞ்சு இருக்குமுங்க. அத்தனை வண்டிக்கும் காணாதுங்க.”

“அப்ப அவியகிட்டக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டாத்தான் ஆகும்.”

லோகப்பிரியா மடியிலிருந்த தேங்காய்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“குடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்டவன்னு ஒருத்தன் நம்ம வமிசத்துல இருந்ததில்லை. பஞ்சத்துலயும் இல்லை. எங்கப்பாரு, குடுத்த மாட்டுக் கயித்தைக்கூடத் திருப்பி வாங்க மாட்டாரு.” கண்ணாடியில் படிந்த ஆவியைத் துண்டால் துடைத்தார். “கேக்காட்டி உன்ற வாக்குப் போகுது. கேட்டா என்ற மரியாதை போகுது. குடுத்த வாக்கும் நம்முளுது, குடுத்த தாம்பூலமும் நம்முளுது.”

“நான் கேட்டுக்கறனுங்க மாமா. பை என்றதுங்களே.”

“நீ புள்ளை. நீ கேட்டா நாளைக்கு, ‘மருமகளை உட்டுக் கேக்க வெச்சான்’னு சொல்லுவாங்க. அது இதைவிட மோசம்.”

முன்னால் ரூபன் தொண்டையைக் கனைத்தான். “வேணும்னா நான் கேக்கட்டுங்களா ஐயா? எனக்கு மரியாதையெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. ஏற்கெனவே ஒரு தேங்காயை உடைச்சுட்டே.”

அதற்குப் பிறகு பொங்கியண்ணன் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். “சம்பந்திங்களே, ஒரு சின்ன விசயமுங்க.” அது பிடிக்கவில்லை. “பை மாறிப்போச்சுங்க, ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க.” அதுவும் பிடிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீர்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதென்று தோன்றியது அவருக்கு.

---

காங்கயம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மழை விட்டிருந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு பழைய புளியமரம் சாய்ந்து கிடந்தது. முன்வரிசையில் சம்பந்தி வீட்டார் வண்டிகள்.

முதலில் கேட்டது விசில். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை, பின்னால் வருகிற வண்டிகளைக் கையை நீட்டி நிறுத்தி, மூச்சுமுட்ட ஊதிக்கொண்டிருந்தாள். அடுத்து கண்ணில் பட்டது வெள்ளிக் காகிதம். பட்டுச் சேலை நனைந்த மூன்று பெண்கள் வெள்ளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு சாலையோரத்துச் சிறு பாலத்தின் திட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் பட்டு, தேருக்கு வெள்ளித் தகடு போர்த்தியது மாதிரி மின்னினார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டி, மஞ்சள் பையிலிருந்து எடுத்த கயிற்றை நாலாக முறுக்கி, ஒரு கிளையில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரைவரின் கையில் புதுக் கட்டு.

திட்டின் நடுவில், கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் உத்தரவு போட்டபடி உட்கார்ந்திருந்தவர் சின்னாத்தாள்.

“வாங்க சம்பந்திங்க!” என்று எழுந்தார். “இந்த மழையில இவ்வளவு தூரமா? மரம் உழுந்தது உங்குளுக்கு முன்னக்கூட்டியே தெரியுமாட்ட இருக்குது!”

மற்றவர்களும் சுற்றி வந்துவிட்டார்கள். “ஏனுங்க, இந்த மாதிரி ஒரு தாம்பூலம் நாங்க கண்டதே இல்லீங்க.” “தேங்காய் குடுத்தா ஒரு நாள் சட்டினி. இது ஆயுசுக்கும் ஆகுதுங்களே.” “பல்லடத்துக்காரங்கன்னா பல்லடத்துக்காரங்கதானுங்க. எங்களுக்கு இந்த யோசனை வருமுங்களா?”

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அந்த ஒரு தலையாட்டலில், பேரன் பேத்தி காலம் வரைக்கும் மேக்காட்டுத் தோட்டத்தின் பேர் சென்னிமலை முழுக்க நிற்கும். பொங்கியண்ணனின் கழுத்து அதற்குத் தயாராகத்தான் இருந்தது. பக்கத்தில் லோகப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதைக்கிற மாட்டை உதைக்கும் என்று சொல்லி விற்கிற வீடு.

“இது உங்குளுக்குன்னு குடுத்ததில்லீங்க” என்றார்.

விசில்கூட நின்றது.

“பை மாறிப்போச்சுங்க. இது எங்க மருமக பள்ளிக்கூட வண்டிகளுக்குன்னு தெச்சது. ஆபத்துக்கு ஆகறது. யோசனையும் அவளுது, உழைப்பும் அவளுது. நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு செவப்பை மஞ்சளாக்குனது நானு. எழுத்தை எடுக்கச் சொன்னதும் நானு. ஈசானி மூலைன்னு மூட்டையை மாத்தி வெச்சதும் நானுங்க. உங்குளுக்கு வெச்ச தாம்பூலம் இந்த வண்டியில இருக்குதுங்க.” மூச்சு வாங்கினார். வளையாத முதுகு இப்போது ஓர் அங்குலம் வளைந்தது. “அந்தப் பை பொழுது சாயறதுக்குள்ள அவிய கைக்குப் போகோணும். அம்மணி வாக்குக் குடுத்திருக்கறா. அதனால, நான் குடுத்ததை...”

மிச்சத்தைச் சொல்லாமல் கைத்தடியால் மஞ்சள் பையைக் காட்டினார்.

சின்னாத்தாள் கடலை மிட்டாயை மென்று முடித்தார்.

“உண்மையைச் சொல்றனுங்க சம்பந்தி. வண்டியில உக்காந்து ஜிப்பைத் தெறந்ததும் கத்திரியைத்தான் மொதல்ல பாத்தேன். எங்க புள்ளையைக் கட்டிக் குடுத்த அன்னிக்கே கத்திரியைக் கையில குடுக்கறாங்களேன்னு வகுறு எரிஞ்சுதுங்க. ‘வண்டியைத் திருப்பு, கேட்டுப்போட்டு வந்தர்லாம்’னுகூடச் சொன்னேன். எங்க தம்பியைக் கேளுங்க. திருப்பறதுக்குள்ள மரம் உழுந்துபோச்சு. கிளை கிழிச்சு டிரைவரு கையில வந்த ரத்தத்தைப் பாத்ததும் அதே கத்திரியை நானேதான் எடுத்தேன்.” லோகப்பிரியாவின் பக்கம் திரும்பினார். “உன்ற கத்திரி உறவை அறுக்கல கண்ணு. துணியைத்தான் அறுத்துது. நல்ல கூரு.”

மஞ்சள் பையின் ஓரத்தை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். “துணியும் நல்ல துணி.”

பொங்கியண்ணன் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“ஆனா ஒண்ணுங்க” என்றார் சின்னாத்தாள். “வாங்குன தாம்பூலத்தைத் திருப்பிக் குடுக்கற வழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க.”

“தெரியுமுங்க” என்றார் பொங்கியண்ணன். “எங்க ஊட்டுல கேக்கற வழக்கமும் இல்லீங்க.”

“மாத்திக்கற வழக்கம் ரெண்டு ஊட்டுலயும் உண்டுங்களே! நிச்சயத்தன்னிக்குத் தட்டு மாத்திக்கிட்டமே, மறந்துபோச்சுங்களா? இன்னொருக்கா மாத்திக்கலாம். நீங்க ஒண்ணு குடுங்க, நாங்க ஒண்ணு குடுக்கறோம். ஆரும் கேக்கவும் வேண்டாம், ஆரும் திருப்பவும் வேண்டாம்.”

ரூபன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் சாலையே சிரித்தது. புளியமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். பொங்கியண்ணன் தேங்காய்ப் பையை இரண்டு கையாலும் நீட்டினார். சின்னாத்தாள் வாங்கிக்கொண்டு ஆபத்துப் பையை நீட்டினார். பின்னால் லாரியில் மாட்டிக்கொண்டிருந்த அந்தியூர் மாட்டு வியாபாரி ஒருவர் இறங்கி வந்து, “ஏனுங்க, நடுரோட்டுல நிச்சயமுங்களா?” என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு கச்சாயம் வாங்கித் தின்றார். பிரித்துப் பயன்படுத்திய மூன்று பைகளை மட்டும் சின்னாத்தாள் கொடுக்கவில்லை.

“இது எங்க வண்டிக்கு. எச்சாத் தெச்சதுல இருந்து அவியளுக்கு ஈடு கட்டிக்க அம்மணி” என்றார். விசில் குழந்தையிடமே இருந்துவிட்டது. அவளிடம் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மாற்றிக் கொடுத்த ஒவ்வொரு பைக்குள்ளும் சின்னாத்தாள் தன் தேங்காய்ப் பையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஜிப்பை மூடினார். தீர்ந்ததும் மற்றவர்கள் பையிலிருந்தும் எடுத்தார்.

---

லோகப்பிரியா போனில் சொன்னபடி, சாளையிலிருந்து மிச்சப் பைகளை எடுத்துக்கொண்டு வள்ளியாத்தாள் இவர்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்து காத்திருந்தாள். “ஏனுங்க பெரியய்யா, எழுதாமயே ஆபத்து வந்துருச்சாட்ட இருக்குதுங்களே!”

பொங்கியண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி மருமகளைக் கூப்பிட்டார்.

“அம்மணி, வகுப்புக்குத் தெக்கற பை செவப்பாவே இருக்கட்டும். ஆபத்துன்னு எழுது. கண்ணு மங்குன கெழவனுக்கும் தெரியற மாதிரி பெருசா எழுது.”

“செரிங்க மாமா” என்றாள் லோகப்பிரியா. இந்தத் தடவை பெருமூச்சு விடவில்லை.

மேற்கே வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆய்வாளர் வண்டி வண்டியாக ஏறி இறங்கினார். ரூபன் வண்டியில் பையைத் திறந்து விசிலை ஊதிப் பார்த்தார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். கத்திரியைத் திறந்து மூடினார். பையின் அடியில் கை விட்டு ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்தார்.

“எல்லாம் செரியா இருக்குதுங்க. இது மட்டும் எதுக்குங்க?”

கிருபா டீச்சர் லோகப்பிரியாவைப் பார்த்தாள். லோகப்பிரியா மாமனாரைப் பார்த்தாள். பொங்கியண்ணன் கைத்தடியை ஊன்றி, முதுகை முழுக்க நிமிர்த்திக்கொண்டார்.

“இருக்கட்டுமுங்க. அது எங்க சம்பந்தி ஊட்டுச் சீரு” என்றார். “அதை எடுத்துப்போட்டா பை நிறையாதுங்க.”

ஆய்வாளர் கிழங்கை இருந்த இடத்திலேயே வைத்து, ஜிப்பை மூடி, கையெழுத்துப் போட்டார்.